தேங்காய் லாரி இடித்த கார்

என் தம்பி பெர்சியோவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவனுக்குப் பொய் வராவிட்டால் கூடப் பிறந்தவளும் சேர்ந்துதான் பட்டினி கிடக்க வேண்டும். அடிபட்ட காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறவன் "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்ற சொல்லைக் கேட்கத்தான் வருகிறான். இவனோ சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "செத்துப்போச்சு, எடுத்துட்டுப் போ" என்பான். எங்கள் ஊர் நாகுவாவில் பழைய கார் வாங்குகிற யாரும் பெர்சியோ என்ன சொன்னான் என்று கேட்காமல் பையில் கை விட மாட்டார்கள். அவன் தகட்டை நிமிர்த்துவான். நான் பள்ளங்களில் பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பேன்.

தவக்காலத்தில் ஒரு நாள் ராடாமெஸின் காரைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவன். முன்னால் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர் என்று அடைத்து அடைத்தே அந்தப் பழைய ஜப்பான் காரின் முதுகை ஒடித்திருந்தான். இப்போது சந்திலிருந்து வந்த தேங்காய் லாரி பக்கவாட்டில் இடித்து, பின்கதவு உள்ளே போய்விட்டது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"மச்சான், சீக்கிரம் முடிச்சுக் குடு. மருந்துக்கடைக்காரர் வாங்கிக்கிறேன்னுட்டார். நல்லாருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம்."

"எதுக்குடா விக்கிற?" என்றேன் நான்.

"கடல் காத்து வாங்கத்தான்க்கா."

எங்கள் ஊரில் ஒருவன் காரையும் ஃபிரிட்ஜையும் விற்கிறான் என்றால் பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போர்ட்டோ ரிக்கோவுக்குக் கள்ளப் படகில் இடம் பிடித்துவிட்டான் என்று அர்த்தம். மரப்பலகைப் படகு, மண்ணெண்ணெய் வாடை, ஆளுக்கு மேல் ஆள். அக்கரை போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள்.

"மீனுக்குப் போடவா உங்கம்மா உன்னைப் பெத்தா?"

"அக்கா, நீ பெயிண்டை மட்டும் அடி. என்னை அடிக்காத." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மதியம் அவன் மனைவி நூரிஸ் வந்தாள். கையில் மூடி போட்ட கிண்ணம் நிறைய, பாலும் சர்க்கரையும் விட்டுக் காய்ச்சிய இனிப்பு பீன்ஸ். தவக்காலம் முழுக்க வீட்டுக்கு வீடு அதைக் கொடுத்து வாங்குவதுதான் எங்கள் வழக்கம், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"அண்ணே, அந்தக் கார் தேறாதுன்னு சொல்லிடுங்க."

பெர்சியோ சுத்தியலைக் கீழே வைத்தான். "நான் இன்னும் பாக்கவே இல்லையேம்மா."

"பாக்க வேணாம்ணே. கார் விக்கலைன்னா படகுக்குப் பணம் இல்ல. எந்தம்பியும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே போனான். இன்னிவரைக்கும் அவன் செருப்புகூடக் கரைக்கு வரல. ஒரே ஒரு பொய்ண்ணே."

"தேறினா தேறும்னுதான் சொல்லுவேன் நூரிஸ். எனக்கு வேற மாதிரி வராது."

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு அழாமல் போனாள். அழுதிருந்தாலாவது தேவலை. நான் பெர்சியோவைப் பிடித்துக் கிழித்துவிட்டேன். "மரமண்டை! தேறும்னே சொல்லித் தொலை. ஆனா முடிக்காத. பெயிண்ட் காயலைன்னு புயல் மாசம் வரைக்கும் நான் இழுத்தடிக்கிறேன். அப்புறம் எந்தப் படகு போகும்?" அவன் கிண்ணத்தை அலமாரியில் தூக்கி வைத்தான். இனிப்பு என்றால் உயிரை விடுகிறவன், மூடியைத் திறக்கக்கூட இல்லை. "காரைப் பாத்து முடிக்கிற வரைக்கும் அது லஞ்சம்க்கா" என்றான்.

மறுநாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் வந்து நின்றார்கள். பெர்சியோ காரைத் தூக்கிக் கட்டை கொடுத்து அடியில் போனான். நீளக் கம்பியை மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்து அளந்தான். பிறகு மறு குறுக்கில் அளந்தான். இரண்டும் ஒரே அளவு வர வேண்டும், கம்பி எட்டவில்லை. மறுபடி அளந்தான். வெளியே வந்து கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திப் பார்த்தான். நல்ல பக்கத்துக் கதவுகூட உட்கார மறுத்தது. தரை விரிப்பை உரித்து, இரண்டு கதவுகளுக்கு இடையே நிற்கும் நடுத்தூண் தரையோடு சேரும் இடத்தை விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தான். நான் எட்டிப் பார்த்தேன். தூணின் கால் பிளந்திருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

"ராடாமெஸ், இது தேறாது" என்றான் பெர்சியோ. "வண்டி மொத்தமா முறுக்கிக்கிச்சு. தூண் விட்டுப்போச்சு. மேல அழகா பண்ணித் தரலாம். ஆளை ஏத்தி ஓட்டினா ஒருநாள் ரோட்டுலயே ரெண்டாகும். நல்லாருக்குன்னு என்னால சொல்ல முடியாது."

அப்போதுதான் நூரிஸ் சிரித்தாள்.

பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அண்ணன் இரவெல்லாம் யோசித்துத் தனக்காகப் பொய் சொல்லிவிட்டார் என்று நினைத்தாள். மறைக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. முகம் முழுக்க வெளிச்சமாக பெர்சியோவைப் பார்த்தாள். ராடாமெஸ் அந்தச் சிரிப்பைப் பார்த்தான். பிறகு அலமாரியைப் பார்த்தான். தன் வீட்டுக் கிண்ணம் ஒருவனுக்குத் தெரியாதா?

"ஓ" என்றான். "அப்படிப் போகுதா கதை."

"டேய், வா, குனிஞ்சு உள்ள பாரு."

"எதுக்கு மச்சான் பாக்கணும்? உன் வாயில பீன்ஸ் வாசனை அடிக்குதே, அது போதும்."

"லஞ்சம்னு மூடியே திறக்கலடா!" என்று நான் கத்தினேன்.

"அண்ணன் பொய் சொல்ல மாட்டாருங்க" என்றாள் நூரிஸ். சொன்ன அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. அது குரலில் தெரிந்தது.

பெர்சியோ அவன் கையைப் பிடித்து இழுத்தான். குனிந்து ஒரு தரம் பார்த்திருந்தால் போதும். ராடாமெஸ் கையை உதறிவிட்டு, இழுத்துப்போக ஆள் கூட்டிவரப் போய்விட்டான்.

மெயின் ரோட்டில் வேறொரு பட்டறைக்காரன் பட்டியை அப்பி நீலப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தான். மருந்துக்கடைக்காரர் பெர்சியோ சொல்லாமல் தொட மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். சமானாவிலிருந்து வந்த யாரோ வாங்கிப்போனான். பெரிய வெள்ளி கழிந்ததும் ராடாமெஸ் கிளம்பினான். ரோந்துக் கப்பல் பிடித்துவிட்டது என்றார்கள், சிறையில் இருக்கிறான் என்றார்கள், பிறகு எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். எந்தப் போனும் வரவில்லை.

நூரிஸ் அடிக்கடி பட்டறைக்கு வந்து உட்காருவாள். "நான் செய்ய வேண்டியதைச் செஞ்சேன்க்கா. அண்ணனும் எனக்காகப் பொய் சொன்னாரு. எங்க வீட்டுக்காரருதான் நம்பல" என்பாள். அந்த ஒரு பிடிமானத்தில்தான் சோறு தின்றுகொண்டிருந்தாள். பெர்சியோ வாயைத் திறக்கப் போகும்போதெல்லாம் நான் முறைப்பேன். மூடிக்கொள்வான்.

அடுத்த தவக்காலத்தில் அந்தக் கார் திரும்பி வந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது நடுத்தூண் அடியோடு பிய்ந்து, கதவு ரோட்டில் விழுந்ததாம். யாருக்கும் அடியில்லை. ஊரார் கைகாட்டியதால் சமானாக்காரன் எங்களிடம் இழுத்துவந்து போட்டுவிட்டுப் போனான். நான் ஓடிப்போய்த் தார்ப்பாயை எடுத்து மூடினேன். ஆனால் பின்பக்கம் கொஞ்சம் வெளியே தெரிந்தது. டிக்கிக்குக் கைப்பிடியாக ராடாமெஸ் வளைத்து மாட்டிய கம்பி அப்படியே இருந்தது.

அன்று பார்த்துத்தான் நூரிஸ் கிண்ணத்தோடு வந்தாள். கம்பியைப் பார்த்தாள். தார்ப்பாயை இழுத்தாள்.

"இது எப்ப உடைஞ்சுது?"

பெர்சியோ தரையைப் பார்த்தான். "இப்பத்தான்மா. பட்டி அப்பின அந்தப் பய கெடுத்து வச்சுட்டான். அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. உனக்காகத்தான் நான் பொய் சொன்னேன்."

என் தம்பி வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது. காது வரை சிவந்துபோனான்.

நூரிஸ் மண்டியிட்டாள். பிய்ந்த இடத்தில் விரலை விட்டு நோண்டினாள். காய்ந்த பட்டி கட்டி கட்டியாக வந்தது.

"பிளவுக்குள்ளயே பட்டி அடைச்சிருக்காங்களே. அப்ப அன்னைக்கே விட்டுப்போயிருக்கு." நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "நிஜமாத்தான் சொன்னீங்களாண்ணே?"

அவன் கீழே கிடந்த பட்டித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"நான் சிரிக்காம இருந்திருந்தா அவர் குனிஞ்சு பாத்திருப்பாரு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நூரிஸ் பட்டித் தூள் ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கிண்ணத்தின் மூடியைத் திறந்து பெர்சியோவிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்கண்ணே. இப்ப இது லஞ்சம் இல்ல."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஒரு வாய்கூட அவனுக்கு இறங்கவில்லை.