ஓட்டை வைத்த குஷன்

உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, நின்றால் கால் கடுக்கிறது. அவளுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போவாள், அலமாரிக்கு வருவாள், மறுபடி ஜன்னலுக்குப் போவாள். அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அங்கே வேலை சுற்ற வைத்தது. இங்கே வலி சுற்ற வைத்தது.

பிரசவத்தில் குழந்தையின் தலை வர வழி போதாமல் கத்தரித்திருந்தார்கள். கத்தரித்த இடம் போக, தானாகக் கொஞ்சம் கிழிந்தும் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு டாக்டர், "சின்ன தையல்தாம்மா, தானா கரைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார். யாருக்குச் சின்னது என்று அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் குழந்தையைப் பார்த்தார்கள். மூக்கு அப்பனுடையதா, தாத்தாவுடையதா என்று பெரியம்மாவும் அத்தையும் அடித்துக்கொள்ளாத குறை. அந்த மூக்கு எந்த வழியாக வந்தது, அந்த வழி இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கணவன் மட்டும் சும்மா இருக்கவில்லை. அவனுக்குச் சோபா தைக்கும் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மனைவி உட்கார முடியாமல் தவிப்பதைப் பார்த்து, நல்ல ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி, நடுவில் பெரிய ஓட்டை வைத்து, நீல வெல்வெட் போர்த்திக் கொண்டுவந்தான். காயம் எதிலும் படாது என்பது அவன் கணக்கு. பிரசவத் துணைக்கு வந்திருந்த அவள் அம்மா அதை வருகிறவர்களிடமெல்லாம் தூக்கிக் காட்டினாள். "மாப்பிள்ளை கையாலயே தைச்சதாக்கும்!"

அவள் உட்கார்ந்தாள். சுற்றிலும் மெத்தென்றிருந்தது. நடுவில் மட்டும் யாரோ கீழே இழுப்பதுபோல் சுரீரென்றது. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்படி இருக்கு?"

"பஞ்சு மாதிரி இருக்குங்க."

அந்த ஒரு பொய்க்காகப் பால் கொடுக்கும்போதெல்லாம் அதன்மேலேயே உட்கார்ந்து பல்லைக் கடித்தாள். வலி குறையவில்லை, கூடியது. இப்போது வாடையும் சேர்ந்துகொண்டது. தையல் பிரிந்துவிட்டதோ என்று பயந்தாள்.

அம்மாவிடம் சொன்னாள்.

"புண்ணுன்னா வலிக்கத்தான்டி செய்யும். நான் பெறலையா?" என்று அம்மா துணியை உதறினாள்.

குளியலறையில் கைக்கண்ணாடியை வைத்துத் தானே பார்க்க முயன்றாள். குனிய முடியவில்லை. என்ன தெரிந்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குள் குழந்தை அழுதது.

மத்தியானம் பால் கொடுத்து முடித்து எழுந்தபோது உயிரே போய்விட்டது. குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். குஷனை எடுத்துச் சுவரில் விட்டெறிந்தாள். சத்தம் கேட்டுக் கையில் ஊசியோடு ஓடிவந்தான் அவன்.

"இந்த ஓட்டைதாங்க என்னைக் கொல்லுது! சுத்தி தாங்குது, நடுவுல தொங்குது, இழுக்குது. உங்க மனசு நோகுமேன்னு சொல்லாம இருந்துட்டேன்."

அவன் முகம் வெளிறியது. நடுவில் தாங்கல் போன சோபாவில் முதலில் விடுவது தையல்தான். வாடிக்கையாளர்களிடம் அவன் வாய் ஓயாமல் சொல்லும் பாடம் அது. அந்தப் பாடத்தைத் தன் வீட்டில் மறந்திருந்தான்.

"விட்டிருக்குமா? யாராச்சும் பாத்தாங்களா?"

"எல்லாரும் மூக்கைத்தான் பாத்தாங்க. நீங்க பாக்குறீங்களா?"

வாசலில் நின்ற அம்மா பதறினாள். "ஐயையே, ஆம்பளை பாக்கிற இடமா அது?"

அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, கைபேசி விளக்கை ஏற்றினான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தாள். பார்த்துவிட்டு அவன் போர்வையை இழுத்து மூடினான்.

"மழுப்பாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க."

"ஒரு ஓரத்துல விட்டிருக்கும்மா. சுத்தி வீங்கி, சிவந்து, சீழ் வச்சிருக்கு." விளக்கை அணைத்தான். "இதோடயா நடந்துக்கிட்டிருந்த?"

அவளுக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது, அதுவும் நிம்மதியாக. "அப்போ எனக்குப் பைத்தியம் பிடிக்கல."

வண்டி வாசலுக்கு வந்தது. குழந்தையை ஏந்திக்கொண்ட அம்மா, "இந்த வெயில்ல எங்கடி கிளம்பிட்டீங்க?" என்றாள்.

"குழந்தையைப் பாக்க எல்லாரும் வந்தாச்சும்மா. இப்ப என்னைக் காட்டப் போறேன்."

அம்மா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மெல்லக் குனிந்து மகளின் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தாள். நிமிராமலே சொன்னாள்.

"உன்னைப் பெத்தப்போ எனக்கும் விட்டுப்போச்சு. நான் யார்கிட்டயும் காட்டல."