பெல்ட் பூட்டியபடி விற்ற கார்

காரை அடுத்த நாட்டில் விற்றுவிட்டுத் திரும்பிய மறுநாள், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி அடுப்பு முன்னால் நின்றபடியே இடப்பக்கமாகச் சாய்ந்தாள். எல்லைக்கு அப்பால் யாரோ வண்டியை வலப்பக்கம் திருப்பியிருந்தார்கள். சற்று நேரத்தில் முன்னால் தள்ளப்பட்டு மேடையைப் பிடித்துக்கொண்டாள். அது பிரேக். முந்தின நாள் பஸ்ஸிலும் இப்படித்தான் ஆடிக்கொண்டு வந்தாள். ஆனால் பஸ்ஸில் எல்லோரும்தான் ஆடினார்கள்.

பழைய டீசல் வண்டிகள் ஊருக்குள் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்ததால்தான் விற்க வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் அதே வண்டிக்கு மாப்பிள்ளை மரியாதை என்றார் தரகர். கடைக்காரர் தனியாகப் போவதாகத்தான் இருந்தார், மனைவி விடவில்லை. அவர் ஓட்டுகிற லட்சணம் அவளுக்குத் தெரியும். கார் வாங்கிய நாளிலிருந்து வளைவுக்கு வளைவு அவளும் தன் பக்கத்துத் தரையில் காலால் பிரேக் போட்டுக்கொண்டு வந்தவள். எல்லையில் அதிகாரி டார்ச் அடித்து எஞ்சின் எண்ணைப் பார்த்தார், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தட்டினார். அவள் பக்கத்து பெல்ட்டை யாரும் பார்க்கவில்லை. அதன் பூட்டு சிக்கி வருஷக்கணக்காகியிருந்தது. ஏறும்போது பெல்ட்டுக்கு அடியில் நுழைந்து உட்காருவாள், இறங்கும்போது அப்படியே நழுவி இறங்குவாள். இதோ சரிசெய்கிறேன், அதோ சரிசெய்கிறேன் என்று அவர் நாளைக் கடத்தினார். விற்ற அன்றும் பழக்கதோஷத்தில் நழுவித்தான் இறங்கினாள். பூட்டு திறக்கவே இல்லை, ஆகவே அவள் இன்னும் வண்டியில்தான் இருந்தாள்.

டாக்டர் காதுக்குள் பார்த்து மாத்திரை எழுதினார். தரகர் சிரிக்காமல் கேட்டதே பெரிய விஷயம். வாங்கியவரிடம் பேசிவிட்டு வந்து, "கழட்டச் சொன்னேங்க, மாட்டேங்கறாரு. பூட்டியே இருந்தா அந்த பீப் பீப் சத்தம் வரலையாம். நிம்மதியா இருக்காம்" என்றார். கடைக்காரர் ஸ்குரூடிரைவரும் எண்ணெய்ப் புட்டியுமாக நேரிலேயே கிளம்பிப் போனார். அதற்குள் வண்டி இன்னொரு நாட்டுக்குக் கைமாறியிருந்தது. யாருக்கு என்று வாங்கியவருக்கு நினைவில்லை. ஷெட்டில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அவர் வெட்கத்தை விட்டு அழுதார்.

புதிதாக ஓட்டியவன் கண்மண் தெரியாமல் ஓட்டினான். அவள் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்காக ஒரு கோடு கன்றிப்போயிற்று. சில சாயங்காலங்களில், "குடிச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுக் காலைத் தரையில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். அவர் பின்னால் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொள்வார். எங்கேயாவது மோதினால் அவள் கதி என்ன என்பதை இருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுத்தவருக்கு அந்த ஒருவனின் முகம் தெரியவில்லை, எந்தச் சாலை என்றும் தெரியவில்லை. இப்படியே சில வருஷங்கள் போயின. பக்கத்து வீட்டுக்காரர்கள் பழகிவிட்டார்கள். வாசலில் நின்று பேசும்போது அவள் சாய்ந்தால் பேச்சை நிறுத்தாமலே தாங்கிக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?" என்றார் கடைக்காரர்.

"மடி கனக்குது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரோ குழந்தைய உட்கார வெச்சிருக்காங்க. தூங்குது."

அதன் பிறகாவது வண்டி மெதுவாகப் போகும் என்று கடைக்காரர் நம்பினார். போகவில்லை. அதனால் தினமும் காலையில் அவள் நாற்காலிக்குப் போனதும் அவர் ரேடியோவை நிறுத்திவிட்டு எதிரே தரையில் உட்காருவார். வளைவு வரும்போது அவள் வெறும் மடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வாள். "மெதுவா போப்பா, குழந்தை இருக்கு" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். சொல்லிவிட்டு, அவள் காலுக்குப் பக்கத்தில் தன் காலையும் வைத்து, தரையை அழுத்துவார்.