நாலாவது செங்கொம்பன்

நாற்பத்தோராவது கார்டைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி, பாயில் கவிழ்த்து வைத்தாள் கவிப்பிரியா. நகக்கண் எரிந்தது. வாசலில் மேளக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்ததால் தெரு கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

எல்லாம் பெரியப்பா பரந்தாமன் கொண்டுவந்த சேதியால் வந்த வேலை. தகனமேடையில் நேரம் குறிக்கப் போனவர், "பாடி கூட பிளாஸ்டிக் எதுவும் வெக்கக் கூடாதாம்மா" என்று சொல்லிவிட்டார். அம்மாவோ பிடித்த பிடியை விடவில்லை.

"கடைசி வரிக்கும் அந்த கார்டுக் கட்டத்தான் கைல வச்சிகினு இருந்தான். அதுவும் கூடவே போவட்டும்."

அண்ணன் டில்லிபாபுவுக்கு முப்பத்தொரு வயசு. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டியவன். காய்ச்சல் கண்டு நாலாம் நாள் போய்விட்டான். இப்போது கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். கவிக்கு இன்னும் அழுகை வரவில்லை. வந்தவர்களெல்லாம் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தபோது, பஸ் நெரிசலில் நிற்கிறவள்போல நின்றாள். அழாதது கஷ்டமாகக்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

எதிரே முகமது இஸ்மாயில், ஞாயிறுதோறும் அண்ணனோடு கார்டு ஆடும் சிநேகிதன், மீதிக் கட்டை உருவிக்கொண்டிருந்தான்.

மொத்தம் அறுபது கார்டு. மந்திரவாதியும் டிராகனும் உலாவும் அந்த ஆட்டத்தில் அண்ணன் கட்டியது முழுக்கக் காட்டுப்பன்றிப் படை. தடுப்பு கிடையாது, வைத்தியம் கிடையாது. வந்த வேகத்தில் பாய்ந்து நாலு சுற்றுக்குள் எதிராளியைச் சாய்க்க வேண்டும், தவறினால் தோல்விதான். "முன்ன பின்ன யோசிக்கவே தெரியாதாண்ணா உன் பன்னிங்களுக்கு?" என்று கவி சீண்டுவாள். அவள் கட்டியது மதில்களும் ஆமைகளும். எட்டு மாதம் முட்டிப் பார்த்தும் அவனால் அதை உடைக்க முடியவில்லை.

படைக்குத் தலைவன் ஒரு பெரிய பன்றி. இங்கிலீஷ் பேர் வாயில் நுழையாததால் செங்கொம்பன் என்று அண்ணனே பேர் வைத்திருந்தான். அது களத்தில் இருந்தால் மற்ற பன்றிகளுக்கு இரண்டு மடங்கு பலம். ஒரே கார்டை நாலு வரைக்கும் வைக்கலாம். அவனிடம் மூன்று. நாலாவது கவியின் ஆல்பத்தில் இருந்தது.

"என்னை ஜெயிச்சிக் காட்டு, தரேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் அவன் ஜெயித்தும்விட்டான். "இது குருட்டு யோகம், இன்னொரு ஆட்டம் போடலாம்" என்று எழுந்துபோனாள். அந்த இன்னொரு ஆட்டம் நடக்கவேயில்லை.

இஸ்மாயிலின் கை நின்றது.

"இன்னாண்ணா?"

அவன் நீட்டிய உறைக்குள் கார்டு இல்லை. மாத்திரை டப்பாவில் வெட்டிய அட்டைத் துண்டு. அதில் அண்ணனின் கோணல் எழுத்து: செங்கொம்பன், 4.

"ஆஸ்பத்திரி பெட்ல குந்திகினு வெட்னது" என்றான் இஸ்மாயில். "வர ஞாயித்துக்கெழம கார்டு போட்டி. இத்த வச்சிகினு ஆட வுட மாட்டாங்கடான்னு சொன்னேன். அதுக்கு அவன், 'அதுக்குள்ள கவி குட்த்துடும்டா, சொன்ன சொல்லு மாறாது'ன்னான்."

கவி எழுந்தாள். அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்து, நடுப்பக்கத்துப் பையிலிருந்து செங்கொம்பனை உருவினாள். கொண்டுவந்து கட்டின் மேல் வைத்தாள்.

"எண்ணுண்ணா."

இஸ்மாயில் மெதுவாக எண்ணினான். இடையில் ஒருதரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"சரியா அறுவது கீது."

மாலை கட்டி மிஞ்சிய நாரால் கார்டுகளைக் கட்டிக் கொடுத்தாள். அம்மா அதை அண்ணனின் வலது கைக்குள் செருகினாள். மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. தெருமுனை வரைக்கும் பெண்கள் போனார்கள். வண்டி திரும்பியதும் அவர்களும் திரும்பினார்கள்.

வீட்டைக் கழுவத் தொடங்கியிருந்தார்கள். ஈரம் படாமல் பாயைச் சுருட்டப் போன கவி, வெறும் உறைகளுக்கு நடுவே அந்த அட்டைத் துண்டைப் பார்த்தாள். ஆல்பத்தின் காலிப் பைக்குள் அதைச் செருகினாள். மயிரிழைகூடப் பிசகாமல் உட்கார்ந்தது. காய்ச்சலோடு அளவெடுத்து வெட்டியிருக்கிறான்.

"கவி, தலைக்கு ஊத்திக்க வாம்மா" என்று அம்மா கூப்பிட்டாள்.

"வரேம்மா" என்றாள். ஆல்பத்தை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.