பதின்மூன்றாம் தேதி, இரண்டு நாற்பது

"மேடம், உங்க காலண்டர்ல ஒருத்தன் பொய்த் தேதி போட முடியுமா?" என்று ஜெயகணேஷ் போனில் கேட்டபோது நான் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். உடனே அடுப்பை அணைத்தேன். என் காலண்டரைப் பற்றி யார் பேசினாலும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கேட்பேன்.

காலண்டர் என்று அவர் சொன்னது சுவரில் தொங்குவதை அல்ல. நான் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ஒரு ப்ளக்-இன். படிவத்தில் தேதிக் கட்டத்தைத் தொட்டால் மாதம் விரியும், நாளைத் தொட்டால் கீழே மணியும் நிமிடமும் வந்து நிற்கும். ஒருமுறை எழுதியதை எந்தப் படிவத்திலும் ஒரே வரியில் ஒட்டவைத்துக்கொள்ளலாம், அதுதான் அதன் பெருமை. ஜெயகணேஷ் மேனேஜராக இருப்பது ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில். சுரங்கத்து கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை அள்ள ஆள் அனுப்புகிறவர்கள். அவர்களுடைய ஆப்பில் லீவு, கேட் பாஸ், விபத்து என்று மூன்று படிவங்களிலும் என் காலண்டர்தான் உட்கார்ந்திருக்கிறது.

"முடியவே முடியாது சார்" என்றேன். வருகிற தேதியைத் தொட முடியாது, ஏழு நாளுக்கு முந்தையதைத் தொட முடியாது, கையால் தட்டச்சு செய்யவும் வழியில்லை. அத்தனையும் நான் போட்ட பூட்டுகள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேக புத்தி. பால்காரர் ஊற்றும்போது நான்தான் அளவைக் குனிந்து பார்ப்பேன் என்று அம்மா இன்றும் கேலி செய்வாள். அந்தப் புத்திக்கு ஏற்ற தொழில் தானாக அமைந்துவிட்டது. பயனர் எதைக் கொடுத்தாலும் நம்பாதே, சரிபார்த்தபின் உள்ளே விடு என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம்.

"அப்ப ஆள் மாட்டிக்கிட்டான்" என்றார் ஜெயகணேஷ்.

டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கிற வடக்குத்து கிராமத்துக்காரர் குமரவேல். பெல்ட் கிளீனிங். ரோலரில் மாட்டி வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டதென்று விபத்துப் படிவம் போட்டிருக்கிறார். தேதி மார்ச் பதின்மூன்று, நேரம் அதிகாலை இரண்டு நாற்பது. ஆனால் பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை அவருக்கு வார விடுமுறை. மறுநாள் இரவு ஒன்பது நாற்பதுக்குத்தான் சி ஷிப்டுக்காக, அதாவது இரவு பத்து முதல் காலை ஆறு வரை போகிற ஷிப்டுக்காக, கேட்டில் பஞ்ச் ஆகியிருக்கிறது. அப்படியென்றால் பதின்மூன்றாம் தேதி அதிகாலை இரண்டு நாற்பதுக்கு அவர் வீட்டில் படுத்திருக்க வேண்டும். வெளியே ஒரு க்ளினிக்கில் கட்டுப் போட்ட சீட்டு பதினான்காம் தேதியிட்டது.

"வீட்ல எதுலயோ கையக் குடுத்துட்டு, ஒரு நாள் பொறுத்துப் பாத்துட்டு, டூட்டிக்கு வந்து நாடகம் ஆடியிருக்கான். வர்ற வியாழக்கிழமை விசாரணை. படிவத்துல இருக்கற தேதி அவனே தேர்ந்தெடுத்தது, சாப்ட்வேர்ல பிழை இல்லைன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதும். கேட் பாஸ் கேன்சல் பண்ணிடுவோம்."

கேட் பாஸ் போனால் வேலை போயிற்று. எந்தக் கான்ட்ராக்டர் வழியாகவும் திரும்ப உள்ளே நுழைய முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குள் ஒரு சின்னத் திருப்தி ஓடியதை மறைப்பானேன்? என் பூட்டு ஒரு திருடனைப் பிடித்துவிட்டது.

லெட்டர் எழுதும்முன் என்னையே ஒருமுறை சோதித்துக்கொண்டேன். இந்த வேலையில் எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. கணினி தேதியை நம்முடைய நேரத்தில் வைக்காமல், ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் எழுதிவிடும். நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையே எதைத் தொட்டாலும் முந்தைய நாளாகப் பதிவாகும். நான் அதில் விழவில்லை. நிரலை வரிவரியாகப் பார்த்தேன், பத்துத் தேதிகளைப் போட்டு ஓட்டினேன். தொட்ட தேதிதான் பதிவாகிறது. நான் சுத்தம்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அப்பா ராஜ்மோகன் தேனிப் பக்கத்திலிருந்து வந்து, சுரங்கத்தில் மெக்கானிக்காக முப்பது வருஷம் ஓட்டிவிட்டவர். பெர்மனென்ட்.

"கான்ட்ராக்ட் ஆளுகள்ல இப்படி ஒண்ணு ரெண்டு இருக்கும்மா. அனுதாபப்பட்டா நம்ம தலையில ஏறிருவாங்க" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் பொய் சொல்கிறவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. சோதித்துப் பார்க்க எனக்குத் திறந்துவிட்டிருந்த ஆப்பின் பதிவில் முகவரி இருந்தது. அதை எடுத்தது சரியில்லைதான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டி வடக்குத்து போனேன்.

சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. பக்கத்தில் இரண்டு முந்திரி மரம். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த பெண் எழுந்திருக்கவில்லை. குமரவேலின் மனைவி, திலகவதி.

"அவரு படுத்துகினு இருக்காரு. நீங்க எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க?"

"ஆபீஸ் இல்லைக்கா. உங்க வீட்டுக்காரர் போன்ல இருக்கற ஆப், அதுல தேதி போடற இடம் நான் செஞ்சது. சரியா வேலை செய்யுதான்னு கேக்க வந்தேன்."

"அதக் கேக்க வூட்டுக்கே வருவாங்களா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குள் குமரவேல் வெளியே வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். வலது கை மணிக்கட்டு வரை கட்டு, மஞ்சளாக மருந்து ஊறியிருந்தது. நான் அந்தக் கட்டைத்தான் முதலில் பார்த்தேன் என்பதை அவர் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் நகர்த்தி என் பக்கம் தள்ளினார்.

"அடிபட்டதும் சூப்பர்வைசர் ஜீப்புல ஏத்தினாருங்க. உள்ள பஸ்ட் எய்டுக்குப் போனா கேஸ் ஆயிடும், வெளியில பாத்துக்கலாம்னு க்ளினிக்ல எறக்கி வுட்டுட்டுப் போனாரு. படிவமும் போட மாட்டேன்னுட்டாரு. நானேதான் போட்டேன், எடது கையால."

இதெல்லாம் நன்றாக ஒப்பித்த மாதிரி இருந்தது. நாலு பேரிடம் நாலு முறை சொன்னால் உண்மையும் ஒப்பித்தது போலத்தான் ஆகும் என்று இப்போது படுகிறது. அப்போது படவில்லை. அவரை மடக்க நான் வழியிலேயே ஒரு கேள்வி தயார் செய்து வைத்திருந்தேன். போனில் காலண்டரைத் திறந்து நீட்டினேன்.

"அண்ணே, ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க. நேத்து சி ஷிப்ட் போறீங்க. மூணு மணிக்கு பெல்ட் அறுந்துபோச்சு. அதை இதுல போடுங்க."

அன்று செவ்வாய், பதினேழாம் தேதி. பெல்ட் அறுந்தது அன்றைய அதிகாலை. பதினேழைத் தொட வேண்டும். குமரவேல் கொஞ்சமும் யோசிக்காமல் இடது கட்டைவிரலால் பதினாறைத் தொட்டார். மணி மூன்று. ஏ.எம்.

"இது இன்னைக்குத் தேதி இல்லையா அண்ணே? பன்னண்டு மணிக்கு மேல ஆயிடுச்சே."

"இன்னிக்கித் தேதிக்கு நான் எங்கங்க டூட்டி போனேன்?" அவருக்குக் கொஞ்சம் எரிச்சலே வந்தது. "நேத்து டூட்டியிலதான அறுந்துச்சுன்னு சொன்னீங்க? விடிஞ்சி பஞ்ச் அடிச்சி வெளிய வர்ற வரிக்கும் அதே தேதிதான். லாக் புக்குலயும் அப்பிடித்தான் எழுதுவாங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. நான் வெளியூரிலிருந்து வந்தவள் இல்லை. அப்பா சி ஷிப்ட் போகிற வாரங்களில் எங்கள் வீட்டில் நாள்காட்டித் தாளை அம்மா காலையில் கிழிக்கமாட்டாள். அப்பா வந்து டிபன் கேரியரை வைத்தபிறகுதான் கிழிப்பாள். அவர் வரும்வரை நேற்று முடியாது. அந்த வீட்டில் இருபத்தேழு வருஷம் வளர்ந்துவிட்டு, நாள் பன்னிரண்டு மணிக்கு மாறும் என்று உலகத்துக்கே பொதுவாக ஒரு காலண்டர் எழுதி, அதைக் கொண்டுவந்து ஷிப்ட் ஆட்களின் கையில் கொடுத்திருக்கிறேன். பதின்மூன்றாம் தேதி டூட்டியில் இரண்டு நாற்பது என்றால் அது பதினான்காம் தேதி அதிகாலை. க்ளினிக் சீட்டும் பதினான்குதான்.

"அண்ணே, தப்பு உங்க மேல இல்லை. நான் அந்தப் படிவத்தைத் திறந்து விடறேன். பதினாலுன்னு மாத்திடுங்க" என்றேன் அவசரமாக.

திலகவதி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"மாத்தாதீங்க" என்றாள் அவரிடம். பிறகு என்னிடம், "இப்ப மாத்துனா, அன்னிக்கி ஒரு தேதி சொன்னான், இன்னிக்கி ஒரு தேதி சொல்றான்னு அதையே புடிச்சிக்குவாங்க. அதுக்குத்தான ஒங்கள அனுப்பிச்சாங்க?" என்றாள்.

"சத்தியமா இல்லைக்கா."

"அப்ப வூட்டு அட்ரஸ் ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சு?"

நான் ஸ்கூட்டரை நோக்கி நடந்தேன். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அவள் வண்டி நம்பரை வாய்க்குள் படிப்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் போனை நீட்டி அதே கேள்வியைக் கேட்டேன். அப்பாவும் பதினாறைத்தான் தொட்டார். தொட்டபிறகு என் முகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதை எழுதிக் குடுக்கப் போறியா ஹரிணி? மூணு படிவமும் தப்புன்னு ஆயிடும்மா. அப்புறம் யார் உன்னை நம்பி வேலை குடுப்பான்?" என்றார். காலையில் பேசியதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

ஜெயகணேஷுக்குப் போன் செய்தேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. புதிய விஷயம் என்றால் மனிதர்கள் இடையில் ஒரு 'அப்படியா'வாவது சொல்வார்கள்.

"நானும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளர்ந்தவன்தான் மேடம். எங்கப்பாவும் சி ஷிப்ட் போனவர்தான்" என்றார்.

"அப்ப தெரிஞ்சேதான் கேட்டீங்களா?"

"நான் உங்க காலண்டரைப் பத்தி மட்டும்தான் கேட்டேன். பொய்த் தேதி போட முடியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க." குரலில் கோபம் இல்லை. "அது தப்புன்னு எழுதினா, மூணு மாசமா உள்ள இருக்கற அத்தனை தேதியும் சந்தேகத்துக்கு வரும். மத்த கான்ட்ராக்டருங்ககிட்ட உங்களச் சொல்லி வெச்சிருக்கேன். யோசிச்சு எழுதுங்க."

பதிவைத் திறந்து பார்த்தேன். நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் நடுவே நாற்பத்தோரு பதிவுகள். எதில் எந்த நாள் என்று எனக்கே தெரியாது. எழுதாமல் விட்டால் என்ன, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்றெல்லாம் புத்தி ஓடியது. உள்ளதைச் சொல்கிறேன், பயமாக இருந்தது. குமரவேலின் விரல் எங்கே நசுங்கியது என்பதும் எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. பெல்ட்டில்தான் என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்தத் தேதியை வைத்து அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. அது மட்டும் தெரியும்.

அதை மட்டும் எழுதினேன். குமரவேலும் திலகவதியும் படிக்க வேண்டும் என்பதற்காகத் தமிழிலேயே எழுதினேன். சி ஷிப்டில் நள்ளிரவுக்குப் பின் நடப்பதை டூட்டி தொடங்கிய தேதியில் குறிப்பது இங்கே வழக்கம், என் காலண்டர் அதைக் கேட்கத் தவறியது, பிழை என்னுடையது. அரைப் பக்கம்கூட வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மறுபடி வடக்குத்து போனேன்.

இந்தத் தடவை யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை. நின்றுகொண்டே தாளைக் கொடுத்தேன். "நாளைக்கு விசாரணைல இதைக் குடுங்க அண்ணே. நானும் வரேன்."

குமரவேல் தாளை முழங்காலில் விரித்து, இடது ஆள்காட்டி விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்துப் படித்தார். உதடு அசைந்தது. 'பிழை என்னுடையது' என்ற இடத்தில் விரல் நின்றது, முன்வரிக்குத் திரும்பியது, மறுபடி வந்தது. எங்கே கண்ணி வைத்திருக்கிறேன் என்று தேடுகிறார். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தால் இன்னும் இரண்டு முறை படித்திருப்பேன்.

படித்து முடித்து மனைவியிடம் நீட்டினார். திலகவதி எழுத்தை அதிகம் பார்க்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், மறுபடி முன்பக்கம் திருப்பி அடியைப் பார்த்தாள்.

"கையெழுத்து இல்லியே" என்றாள்.

"பேனா கொண்டு வரலைக்கா."

அவள் உள்ளே போய்ப் பேனாவும், கீழே வைத்து எழுத ஒரு எவர்சில்வர் தட்டும் கொண்டுவந்தாள். குந்தி உட்கார்ந்து தட்டின்மேல் தாளை வைத்து என் பெயரை எழுதினேன். தட்டு வழுக்கியது. குமரவேல் கட்டுப் போட்ட கையின் முழங்கையால் அதன் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மருந்து வாசனை அடித்தது.

எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினேன். திலகவதி வாங்கவில்லை.

"கீழ தேதி போடுங்க" என்றாள்.

பேனா முனையைத் தாளில் வைத்தேன். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.