பத்து மணிக்கு இடதுபக்கம்

இடதுகையைத் தோளுக்கடியில் கொடுத்து, வலதுகையை இடுப்புக்குக் கீழே நுழைத்து, ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணி மூன்றாவதில் புரட்டுகிறேன், உடம்பு ஒரு பெருமூச்சோடு திரும்புகிறது, முதுகு தெரிகிறது, பவுடர் போட்ட வெளுத்த முதுகு, ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை, பத்து மணிக்கு இடதுபக்கம், பன்னிரண்டுக்கு வலதுபக்கம், இரண்டு மணிக்கு மல்லாந்து, இது அண்ணா நகரில் ஒரு மூன்றாவது மாடி, இது பெரியம்மா, பக்கவாதம் வந்து நான்கு வருஷமாய்ப் படுத்திருக்கிறவர், நான் இவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய ஆள், காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை டூட்டி, ஆனாலும் கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் இந்த முதுகு கறுத்து, அகன்று, தோள்பட்டையில் பெயின்ட் புள்ளிகள் அழியாத தனகோட்டியின் முதுகாகிவிடுகிறது, பேர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை, மனசுக்குள் மட்டும் தனகோட்டி, என் புருஷன், அந்த முதுகு வியாசர்பாடியில் ஒற்றை அறையில் இதே பத்து மணிக்கு மல்லாந்தே கிடக்கிறது, நான் பார்க்கவில்லை, பார்க்காமலே எனக்குத் தெரியும்.

பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தார், இரண்டாவது மாடி உயரம், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது, மேஸ்திரி இரண்டு மாசம் வந்து பார்த்தார், மூன்றாவது மாசம் போனை எடுக்கவில்லை, யாராவது ஒருவர் வேலைக்குப் போக வேண்டும், நடக்க முடிகிறவள் நான்தான், ஏஜென்சியில் நான்கு நாள் கற்றுக்கொடுத்தார்கள், படுத்த உடம்பை இரண்டு மணி நேரத்துக்கொருமுறை திருப்பிவிட வேண்டும், சிவப்பைக் கண்டால் பிழைக்கலாம், கறுப்பைக் கண்டால் கஷ்டம், மொத்தப் படிப்பும் இவ்வளவுதான், நாளுக்கு அறுநூற்றைம்பது ரூபாய், மாசம் முடிந்ததும் மொத்தமாய் என் கைக்கு வரும், பஸ் மட்டும் ஓசி. என் படிப்பைக் கொண்டுபோய் ஊரார் வீட்டு முதுகில் வைத்தேன், என் வீட்டு முதுகுக்கு எதிர் வாசல் டில்லிக்காவை நாளுக்கு இருநூறு ரூபாய்க்கு வைத்தேன், அவளுக்கு அறுபது வயசு, நாற்பது கிலோ தேறமாட்டாள், அவரோ எழுபதுக்குக் குறையாத ஆள், அந்தக் கணக்கை மட்டும் நான் போடவே இல்லை.

ஏஜென்சி ஒரு தாள் கொடுக்கும், எட்டு, பத்து, பன்னிரண்டு என்று கட்டம் கட்டியிருக்கும், ஒவ்வொரு முறை திருப்பியதும் ஒரு டிக், சாயங்காலம் அதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், ஒரு கட்டம் காலியாயிருந்தால் அரை நாள் சம்பளம் பிடித்தம், அதனால் எங்கள் ஆட்கள் எல்லாரும் காலையில் வந்ததும் ஒரே மூச்சில் எல்லாக் கட்டத்துக்கும் டிக் போட்டுவிட்டுத்தான் முந்தானையைச் செருகுவார்கள், நானும் அப்படித்தான், போட்டுவிட்டு ஒழுங்காகத் திருப்பிவிடவும் செய்வேன், அது வேறு. வீட்டில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அதே மாதிரி கட்டம் போட்டு டில்லிக்காவிடம் கொடுத்தேன், முதல் வாரம் டிக்குகள் ஒன்று நெட்டை, ஒன்று கோணல், ஒன்றில் ஈரக்கை பட்டு மை கலைந்திருந்தது, பார்க்க நிம்மதியாக இருந்தது, இரண்டாவது வாரம் எல்லா டிக்கும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே அழுத்தத்தில், வரிசையாய் நின்றன, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அவை காலை எட்டு மணி டிக்குகள், திருடனுக்குத் திருடன் கால்தடம் தெரியாதா. கேட்டிருக்க வேண்டும், வாய் வரை வந்தது, கேட்டால் வேற ஆள் பாத்துக்கோ என்பாள், இருநூறு ரூபாய்க்கு வேறு யார் வருவார்கள், ஆள் இல்லையென்றால் டூட்டி இல்லை, சாப்டீங்களாக்கா என்று கேட்டுவிட்டு விளக்கைப் போட்டேன், அவரும் கூரையைப் பார்த்தபடி கிடந்தார், மூன்று பேருக்கும் தெரியும், மூன்று பேரும் சொல்லவில்லை.

பெரியம்மாவின் ஒரே மகள்தான் மேடம், பேங்க் வேலை, கார் சாவியைத் தேடிக்கொண்டே ஒரு நாள் சொன்னார், என் சம்பளத்துல முக்காவாசி ஏஜென்சிக்குத்தாங்க போகுது, வேலையை விட்டுட்டு நானே அம்மாவைப் பாத்துக்கலாம்னு தோணுது, அப்புறம் இந்த நாலு செவுத்தை நினைச்சாப் பயமாயிருக்கு. அவர் எனக்காக உழைக்கிறார், நான் டில்லிக்காவுக்காக உழைக்கிறேன், டில்லிக்கா தன் முழங்கால் மாத்திரைக்காக உழைக்கிறாள், யார் கையிலும் ஒன்றும் நிற்கவில்லை, எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்குச் சிரித்தேன், அன்று இரவு வீட்டில் ஈரத்துணியால் துடைக்கும்போது என் புருஷனின் வால் எலும்பில் எட்டணா அகலத்தில் சிவப்பைப் பார்த்தேன், எட்டு நாளில் அது கறுத்தது, பிறகு கறுப்பு உதிர்ந்து குழியாயிற்று, அவருக்கு வலியே இல்லை, அதுதான் கொடுமை, இன்னாமே நாத்தம் என்று மட்டும் கேட்டார், எலி செத்திருக்கும் என்றேன்.

ஒரு சுவரைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை லிட்டர் என்று சொல்கிற மனுஷன், கூரையைப் பார்த்தே என் சம்பளத்தை அளந்துவிட்டார். டில்லிக்கு எரநூறு, டயப்பருக்கு நூத்திருவது, புண்ணு கட்றதுக்கு நூத்தம்பது, உன் டீ டிபனுக்கு முப்பது, மீதி நூத்தம்பது, அதுவும் வாடகைக்குப் பூடுது. நீ வூட்ல இருந்தா டில்லி வாணாம், டயப்பரு வாணாம், புண்ணே வந்திருக்காது. சுண்டக்கா கால் பணம், சுமகூலி முக்கா பணம், வேலைக்குப் போறதுக்குத்தான் மே சம்பாரிக்கிற நீ. அப்புறம் குரலை இறக்கி, பத்து நாளு வூட்ல இரு மே, நீ பொரட்னா எனுக்கு ஆறிடும் என்றார், அதற்கு முன் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை, மாசம் முடியாமல் நின்றால் ஏஜென்சி அந்த மாசச் சம்பளத்தைத் தராது, அன்றைக்குத் தேதி பதினேழு, வீட்டு ஓனர் ஐந்தாம் தேதி வாடகைக்கு வந்துவிடுவார், இந்த மாசம் மட்டும் முடியட்டும் என்றேன், உடனே சரி என்றார். இருபத்தாறில் காய்ச்சல் வந்தது, பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள், மாசம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது போய்விட்டார்.

குளிப்பாட்ட நான்கு ஆண்கள் வந்தார்கள், புரட்டத் தெரியாமல் கையைப் பிடித்து இழுத்தார்கள், தள்ளுங்க என்று நானே குனிந்தேன், தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை, மூன்றாவதில் புரட்டினேன், குழி எல்லாருக்கும் தெரிந்தது, டில்லிக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள், எங்கையால ஒண்டியா பொரட்ட முடியல மே, சொன்னா உன் வேல பூடுமேன்னு சொல்லல. எனக்குத் தெரியும்க்கா என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து டூட்டிக்கு வந்துவிட்டேன், மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார், தாளை மாட்டினேன், காலையில் ஒரு டிக்கும் போடவில்லை, ஏனோ இனிமேல் அதெல்லாம் முடியாது என்று தோன்றியது. டில்லிக்காவுக்கு இருநூறு இல்லை, டயப்பர் இல்லை, கட்டுப்போட ஆள் இல்லை, டீ டிபன் முப்பது போக அறுநூற்றிருபது அப்படியே நிற்கிறது, வாடகை கொடுத்தும் கையில் காசு இருக்கும், வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்போதுதான் எனக்கு இந்த வேலை கட்டுப்படியாகிறது, இந்தக் கணக்கைச் சொன்னால் அவரே கூரையைப் பார்த்துச் சரி என்றிருப்பார். பத்து மணி ஆகிவிட்டது, இடதுகையைத் தோளுக்கடியில் கொடுக்கிறேன், வலதுகையை இடுப்புக்குக் கீழே நுழைக்கிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, முதுகு திரும்புகிறது, ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை, கண்ணை மூடித் திறக்கிறேன், அதே வெளுத்த முதுகு, மறுபடி மூடித் திறக்கிறேன், அது அவர் முதுகாக மாறவில்லை, மாறட்டும் என்று பெரியம்மாவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நிற்கிறேன்.