ஒரு வாய் மிச்சம்

"திருப்பிடுங்க மாப்ள. வேண்டாம், வீட்டுக்கே போயிடலாம்" என்றார் மாமா, வண்டி ரவுண்டானாவுக்குள் நுழைந்ததும்.

மருமகன் சரி என்று தலையாட்டினான், ஆனால் திருப்பவில்லை. இதே பேச்சை நம்பி ஏற்கெனவே ஒரு தடவை திருப்பி, மாமாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தி, அவர் இறங்காமல் "இல்ல, போயே ஆகணும்" என்றதும் மறுபடி கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறான். அதனால் இந்த முறை போகவும் வேண்டாம், திரும்பவும் வேண்டாம் என்று ரவுண்டானாவையே சுற்ற ஆரம்பித்தான். நடுவில் இருந்த புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஆள் ஒரு சுற்றில் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த சுற்றில் கையசைத்தார்.

மருமகனுக்கு இதெல்லாம் பழக்கம்தான். பல் டாக்டர். நாற்காலியில் சாய்ந்து வாயையும் திறந்துவிட்டு, "இன்னொரு நாள் பாத்துக்கலாமா டாக்டர்" என்கிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவன். அவர்களோடு வாதாடினால் காரியம் கெட்டது. விளக்கை அணைக்காமல் சும்மா நிற்க வேண்டும். ரவுண்டானாவில் அவன் செய்ததும் அதைத்தான்.

இந்த மாமா உண்மையில் அவனுக்கு மாமா இல்லை. மாமியாரின் தம்பி, முறை பார்த்தால் சித்தப்பா ஆகவேண்டும். மனைவி மாமா என்கிறாளே என்று இவனும் அதையே பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டு என்ன பயன்? கல்யாணமாகி இத்தனை காலத்தில் மாமா தன் அக்கா வீட்டுப் படி ஏறியதில்லை. அக்காவும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை.

அந்த அக்காவுக்கு இப்போது வீட்டில் உயிர் போய்க்கொண்டிருந்தது. காலையில் வந்து பார்த்த டாக்டர், இன்றைக்குத் தாண்டாது என்று மகளிடம் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் மாமியாருக்குக் காது மட்டும் கடைசிவரை கூர்மை. "அப்ப அவனைக் கூட்டிட்டு வாங்க மாப்பிள்ளை. அவன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். என்ன விஷயம் என்று மகள் கேட்டாள், கெஞ்சினாள், கடைசியில் கோபித்துக்கொண்டும் பார்த்தாள். மாமியார் அசையவில்லை. "போன தடவை ஊரு உலகத்துக்கெல்லாம் சொல்லிட்டுக் கடைசிலதான் அவனுக்குத் தெரிஞ்சுது. இந்தத் தடவை அவனுக்குத்தான் முதல்ல" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அதனால்தான் மருமகன் சுற்றுக்கு ஒரு தடவை மணி பார்த்தான். மாமா மனம் மாறிக்கொண்டே இருக்கலாம், அங்கே நேரம் நிற்காதே.

அந்தப் போன தடவை என்ன நடந்தது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அக்கா, தம்பி இருவருமே பேராசிரியர்கள், இருவருக்கும் ஒரே பாடம். சுவிட்சை மேலே போட்டால் ஒரு மாதிரியும் கீழே போட்டால் வேறு மாதிரியும் ஓடுகிற இயந்திரங்களை எப்படிக் கட்டுப்பாட்டில் வைப்பது என்கிற கணக்கு. அதையும் எண்களாகப் பார்க்காமல் கோடு, தளம், வெளி என்று வடிவங்களாகப் பார்த்தே தீர்ப்பார்கள். மாணவர்கள் அக்காவுக்கு வைத்த பெயர் சுவிட்ச் மேடம். காலி வகுப்பில் விளக்கு எரிந்தாலும் திட்டுவார் என்பதால் பெயர் இரட்டிப்பாகப் பொருந்திப்போயிற்று.

இயந்திரத்தின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் அறை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஓட்டத்திலேயே இருக்கும்வரை, அறைக்குள் தொடங்கினது அறையை விட்டு வெளியே போகாது. இரண்டு ஓட்டத்துக்கு இரண்டு அறை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற இடம் பொது இடம். அந்தப் பொது இடத்தில் நின்றுகொண்டால் சுவிட்சை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், பயமே இல்லை என்று தம்பி எழுதினார். கேட்கிற யாருக்கும் சரி என்றுதான் படும். ஓர் ஆய்விதழில் அச்சிலும் வந்துவிட்டது. அக்கா படித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். முதல் ஓட்டம் தன் அறைக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போகும், சரி. ஆனால் பொது இடத்தைத் தாண்டி இழுத்துவிடுமே. அந்த நேரம் பார்த்து சுவிட்சை மாற்றினால் அடுத்த அறைக்கு வெளியே அல்லவா நிற்கிறோம்? இதை அவர் தம்பிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், கையோடு ஓர் உதாரணமும் கட்டி, அதே இதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டார். தம்பி மேடையேறிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, சார், அது தப்புன்னு உங்க அக்காவே எழுதியிருக்காங்களே என்றாள். அன்றைக்கு முறுக்கிக்கொண்டு போனவர்தான்.

மருமகன் போனை எடுத்து மனைவிக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டான். ரவுண்டானாவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்று ஒளிக்காமல் சொன்னான். அவள் அதை அம்மாவிடம் சொல்வதும், கட்டில் கிறீச்சிடுவதும், போன் கை மாறுவதும் கேட்டன.

"வண்டில ஏறினவன் இறங்குற வரைக்கும் மாத்தக் கூடாது" என்றது மெலிந்த குரல். "தங்கு நேரம்டா, சின்னவனே."

மாமா போனையே பார்த்தார். அக்காவின் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்றோ, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். அப்புறம் வெளியே பார்த்தபடி, "நேராப் போங்க மாப்ள" என்றார். புல்லுக்குத் தண்ணீர் விட்டவர் பின்னாலிருந்து இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தார்.

தங்கு நேரம் என்பது அவர்கள் பாடத்தில் வருகிற சொல். சாதுவான இரண்டு ஓட்டங்களைக்கூடச் சட்டுச் சட்டென்று மாற்றி மாற்றிப் போட்டால் இயந்திரம் ஆடி ஆடியே உடைந்துபோகும். ஒரு தடவை மாற்றினால் கொஞ்ச நேரம் அதிலேயே தங்கவேண்டும். மாமியார் இதை வீட்டுச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். அந்த வீட்டில் தங்கு நேரம் என்றால் ஒரு கோப்பை டீ. யார் எந்த முடிவு எடுத்தாலும் டீயைக் குடித்து முடிக்கும்வரை மாற்றக் கூடாது, கோப்பை காலியான பிறகுதான் மறுபேச்சு. பெண் கேட்டு இவன் தனியாக வந்து நின்ற அன்று, முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு மாமியார் டீ போடச் சொன்னார். மகளும் சேர்ந்து மூவரும் பேசாமல் குடித்தார்கள். கோப்பையைக் கீழே வைத்ததும் சரி என்றார். அந்த டீக்குள் என்ன நடந்தது என்பது மருமகனுக்கு இன்றுவரை புரியவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டு டீ என்றால் அவனுக்குத் தனி மரியாதை.

மாமா அறைக்குள் வந்தபோது மாமியார் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். வெட்கம் இல்லை, பல் செட் இல்லை. மருமகனைச் சைகை காட்டிக் கூப்பிட்டார். பொக்கை வாயோடு கணக்குப் பேச முடியாதாம். அவன் கிண்ணத்திலிருந்து செட்டை எடுத்துக் கழுவி, அவர் தலையை ஒரு கையால் தாங்கிப் பொருத்தினான். அவனே அளவெடுத்துச் செய்தது. ஈறு சுருங்கி இப்போது லொடலொடவென்று ஆடியது. கடைவாயில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தபோது அவர் கன்னம் கதகதவென்று இருந்தது. இனி இந்தக் கன்னத்தைத் தொட வேலை இருக்காது என்று தோன்றியதும் விரலை எடுக்காமல் மறுபடி அழுத்திப் பார்த்தான். அவரோ, "நீங்க செஞ்ச பல்லுதான், உளறினேன்னா உங்களைத்தான் சொல்லணும்" என்று அவனையே வாரினார்.

தம்பியைப் பார்த்து இளைச்சுட்டே என்றார். நீ மட்டும் என்ன வாழுதாம் என்றார் மாமா. நலம் விசாரிப்பு அவ்வளவுதான். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பொது இடம் பூரா பத்திரம்னு நீ எழுதின. நான் என்ன எழுதினேன்?" என்று ஆரம்பித்தார் மாமியார்.

மாமா போர்வை நுனியை இழுத்துவிட்டார்.

"என் உதாரணத்துல இடம்னு சொல்ல ஒண்ணுமே மிஞ்சாதுன்னு எழுதினேன். எது எது வெளிய நழுவுதோ அதையெல்லாம் வெட்டி வெட்டி எறிஞ்சுக்கிட்டே போனா கடைசில ஒரு புள்ளிதான்னு. போன வாரம் தூக்கம் வராம அதையே மனசுல போட்டுப் பாத்தேன். புள்ளி இல்லடா. ஒரு கோடு நிக்குது. அது மேல நின்னா எந்தப் பக்கம் சுவிட்ச் போட்டாலும் ரெண்டு அறைக்கும் வெளிய போகல. கூட்டல்ல கோட்டை விட்டிருக்கேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ ஒரு தடவை ஒழுங்காப் படிச்சிருந்தா அன்னைக்கே என்னைக் கிழிச்சிருக்கலாம். ஏன் விட்டுட்ட? அதான் எனக்குப் புரியல."

மாமா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "நான் அதைப் படிக்கவே இல்லக்கா" என்றார்.

மாமியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. உடம்பில் இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பையும் போட்டுச் சிரித்தார். மேல் செட் கழன்று போர்வையில் விழுந்தது. மாமா அதைப் பிடிக்கப் போய், பிடித்ததைப் பார்த்துத் தானும் சிரிக்க ஆரம்பித்தார். சமையலறையிலிருந்து ஓடிவந்த மகள், இதென்ன கூத்து என்று கதவருகிலேயே நின்றுவிட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

அப்புறம் மாமா போர்வைமேல் விரலால் கோடு போட்டுப் போட்டு அழித்தார். மாமியார் பல் இல்லாமலே, 'இங்கே இல்லை, அந்தப் பக்கம்' என்று கண்ணாலேயே திருத்தினார். வெகுநேரம் போட்டு முடித்துவிட்டு மாமா நிமிர்ந்தார். "ஆமா. கோடுதான்" என்றார். போர்வையில் கடைசியாக விழுந்த மடிப்பின்மேல் இருவர் கையும் இருந்தன.

டீ வந்தது. மகள் அம்மாவுக்கு ஸ்பூனால் ஊட்டினாள். ஒரு வாய் இறங்கியது, இன்னொன்று பாதி இறங்கியது. மாமியார் தம்பியின் கோப்பையைக் காட்டி, "முடியிற வரைக்கும் மாத்தக் கூடாது" என்றார்.

"எதை?"

மாமியார் விரலைத் தூக்கித் தன்னைக் காட்டினார், தம்பியைக் காட்டினார். அப்படியே தூங்கிப்போனார். விளக்குப் போடுகிற நேரத்துக்கு மூச்சு நின்றது. மகள் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மருமகன் அழுதுகொண்டே பல் செட்டைத் துடைத்து, கடைசித் தடவையாகப் பொருத்திவிட்டான். வாய் இல்லாமல் அனுப்பினால் மாமியார் மன்னிக்கவே மாட்டார்.

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பினார்கள். வந்தவர்களும் கிளம்பிப் போய்விட்டார்கள். பழைய மாணவர்கள் வாசல் விளக்கு முதல் மாடி விளக்குவரை ஒன்று விடாமல் அணைத்துவிட்டுப் போயிருந்ததால் மகள் இருட்டில் தடவித் தடவி சுவிட்சைத் தேடினாள். தேடிக்கொண்டே சிரித்தாள். மருமகன் சமையலறையில் குவிந்துகிடந்த கோப்பைகளைக் கழுவினான். வீட்டுக் கோப்பைகளில் ஒன்று குறைந்தது. மாமியாரின் அறைக்குப் போனான்.

காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். ஜன்னல் விளிம்பில் அவருடைய நேற்றைய கோப்பை. அடியில் ஒரு வாய் டீ, ஆடை கட்டிப்போய். மருமகன் எடுக்கக் கை நீட்டினான்.

"அதை விடுங்க மாப்ள" என்றார் மாமா. "நான் இன்னும் குடிச்சு முடிக்கல."

மருமகன் கையை இழுத்துக்கொண்டான். சமையலறைக்குப் போய், கழுவி வைத்ததில் அளவான ஒரு சாஸரை எடுத்து ஈரம் போகத் துடைத்தான். திரும்பி வந்து, எறும்பு ஏறாமல் கோப்பையை மூடி வைத்தான்.