பாதித் தூரம்

அண்ணன் என் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். நான் மணல் சலித்துக் கொடுத்தேன். பத்து வயதில் அப்பாவோடு கலவை சுமந்த தோள்தான். இப்போது சட்டியைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. "பேனா பிடிச்ச கை. போய் உக்காருப்பா புரொபசரு" என்றான் அண்ணன்.

நேற்று ஒட்டிய பக்கம் ஓர் எறும்பு. இன்னும் பூசாத இடுக்குகளிலேயே நடந்தது, கல்மேல் ஏறவில்லை. நீளத்தில் நாலு, அகலத்தில் நாலு கல். மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அது நேராகப் போய் ஒரே முறை திரும்பினாலும், படிக்கட்டுபோல மாறி மாறித் திரும்பினாலும் தூரம் ஒன்றுதான். ஆனால் சரிபாதியில் அது நிற்கக்கூடிய இடம் ஒன்றல்ல. எண்ணினேன். ஐந்து.

சல்லடை கையில் அப்படியே நின்றுவிட்டது.

சார்புகளையே புள்ளிகளாகக் கொண்ட வெளிகளைப் பற்றியது என் கணித ஆய்வுக் கட்டுரை. அப்படி ஒரு வெளியை இன்னொன்றுக்குத் தூரம் மாறாமல் கொண்டுபோனால், நேர்கோடு வளையாமல் போய்ச் சேரும் என்று நிறுவியிருந்தேன். தூரம் மாறாததால் நடுப்புள்ளி நடுவுக்கே போகும். ஏனென்றால் இரண்டு புள்ளிக்கும் பாதித் தூரத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. அதை ஒரே வரியில் தாண்டியிருந்தேன். அந்த வரியின்மேல்தான் என் வேலை நிற்கிறது. இந்த வீடும்.

அந்த வரியைப் பற்றித் துறைக் கருத்தரங்கில் ஒருவன் கேட்டான். நாங்கள் ஒல்லியன் என்று கூப்பிடும் தற்காலிக விரிவுரையாளன். எல்லார் முன்னாலும் எழுந்து, "நடு ஒண்ணுதானா சார்? எல்லா வெளியிலயுமா?" என்றான். "ஏன், உங்க வீட்ல ரெண்டு மூணு வச்சிருக்கீங்களா?" என்றேன். அறையே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். ஆண்டு முடிவில் அவன் பணியை நீட்டிக்கலாமா என்று கல்லூரி கேட்டபோது, அடிப்படை போதாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். இப்போது ஏதோ கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறானாம்.

அண்ணன் சுத்தியல் பிடியால் நேற்றைய கற்களைத் தட்டிக்கொண்டே வந்தான். ஒன்றில் சத்தம் மாறியது. உள்ளே பொள்ளல், வெறும் காற்று.

"விடுண்ணே. அதுமேல அலமாரிதான் வருது."

"நான் என்ன அலமாரிக்கா ஒட்டுறேன்?"

உளியை இடுக்கில் விட்டான்.

நான் கைபேசியை எடுத்தேன். ஒல்லியன் எண் இன்னும் இருந்தது. சிமெண்ட் காய்ந்த விரலுக்குத் திரை அசையவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன்.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. இங்கே கல் பெயர்ந்து வந்தது. அதன் அடியில், உள்ளங்கை அகலத்துக்குக் கலவையே படவில்லை.